முன்ஷி அப்துல்லா கற்ற மலாய்

கடல் கடந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில் குழந்தைகளின் மொழியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கூற்றுகள் தவறாமல் காதில் விழும். 'தமிழ் மறந்து போய்விடுமே' என்பது ஒன்று. 'அந்த ஊர் மொழி தானாக வந்துவிடும்' என்பது மற்றொன்று. முன்னது கவலை, பின்னது நம்பிக்கை. கவலையைப் பற்றி நம் ஏடுகள் நிறையவே எழுதியிருக்கின்றன. நம்பிக்கையை உரைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. குழந்தை தெருவில் இறங்கினால் மொழி வந்துவிடும், பள்ளிக்குப் போனால் பழகிவிடும், நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று எண்ணியிருக்கிறோம். இந்த நம்பிக்கை எந்த அளவுக்கு மெய், எந்த இடத்தில் பொய்க்கிறது என்பதை அறிய நமக்கு ஒரு பழைய நூல் துணை நிற்கிறது. அதை எழுதியவர் நாகூர்த் தொடர்புடைய ஒரு குடும்பத்தில் மலாக்காவில் பிறந்தவர். அவரே முன்ஷி அப்துல்லா என்று மலாய் உலகம் போற்றும் அப்துல்லா பின் அப்துல் காதிர்.

1796ஆம் ஆண்டு பிறந்த அப்துல்லா தம் வாழ்க்கை வரலாற்றை 'ஹிகாயத் அப்துல்லா' என்னும் பெயரில் மலாய் மொழியில் எழுதினார். 1843இல் எழுதி முடிக்கப்பட்ட அந்நூல் 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. அரசர்களின் வமிசாவளியையும் வீரர்களின் கட்டுக்கதைகளையும் பாடிக்கொண்டிருந்த ஒரு மொழியில், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் 'நான்' என்று நின்று எழுதிக் காட்டியமையால் அவரை நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்பர். ராஃபிள்ஸ் துரையின் உருவச் சித்திரத்துக்காகவும், சிங்கப்பூர் தோன்றிய காலத்துச் செய்திகளுக்காகவும் வரலாற்றாசிரியர்கள் அந்நூலைப் புரட்டுவார்கள். நாம் அதன் தொடக்கப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிற மண்ணிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை ஒருவன் அந்த மண்ணின் மொழியை எவ்வாறு கைவரப் பெற்றான் என்பதற்கு அப்பகுதி அரிய சான்று. அதை அந்தக் கண்ணோடு படித்துப் பார்ப்பதும், ஏற்க வேண்டியதை ஏற்று, தள்ள வேண்டியதைத் தள்ளுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

குடும்பமும் ஊரும்

அப்துல்லாவின் முப்பாட்டனார் யமன் நாட்டிலிருந்து வந்த அரபியர். மார்க்கமும் மொழியும் கற்பித்தவர். நாகூரில் தங்கி அங்கேயே மணம் முடித்தார். அவருடைய மக்கள் கிழக்கு நோக்கிப் பயணப்பட்டனர். அவர்களுள் ஒருவர் மலாக்காவுக்கு வந்து, அவ்வூரிலிருந்த நம்மவர் குடும்பம் ஒன்றில் பெண்ணெடுத்தார். அந்த வழியில் வந்தவர்தாம் அப்துல்லாவின் தந்தை அப்துல் காதிர். ஆகவே அப்துல்லா பிறந்தபோது அக்குடும்பம் மலாக்காவில் வேரூன்றிவிட்டது. ஆயினும் வாணிபத்தின் கணக்கு மொழி தமிழாகவும், ஓதலின் மொழி அரபாகவும், ஊரின் மொழி மலாயாகவும் இருந்தன. ஒரு குழந்தையைச் சுற்றி மூன்று மொழிகள் நின்றன என்றால், இன்று பாரிசிலோ டொரான்டோவிலோ வளரும் நம் வீட்டுக் குழந்தையின் நிலைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை.

முதலில் குர்ஆன் ஓதல். அப்துல்லாவின் பாட்டியாரே மலாக்காவில் கம்போங் பாலி என்னுமிடத்தில் ஓதும் பள்ளி நடத்தியவர். சிறுவரும் சிறுமியருமாக ஏறத்தாழ 200 பிள்ளைகள் அவரிடம் ஓதினர் என்று நூல் கூறுகிறது. அடுத்துத் தமிழ். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளைத் தமிழ் கற்கச் செய்வது மலாக்காவில் முன்னோர் காலந்தொட்டு இருந்து வந்த வழக்கம் என்றும், கணக்கு வழக்குக்கும் வணிகர்களோடு உரையாடுவதற்கும் அம்மொழி வேண்டியிருந்தது என்றும் அப்துல்லா எழுதுகிறார். அதனால் தந்தை அவரைத் தமிழ் ஆசிரியரிடம் அனுப்பினார். இந்த இரண்டுக்கும் ஆசிரியர் இருந்தார், இடம் இருந்தது, முறை இருந்தது.

மூன்றாவதாகிய மலாய்க்கோ இவற்றுள் எதுவுமே இல்லை. இங்கேதான் நூலின் மிக முக்கியமான பகுதி தொடங்குகிறது.

பள்ளிக்கூடம் இல்லாத மொழி

ஊர் முழுதும் பேசும் மொழிக்கு ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. குர்ஆன் ஓதப் பள்ளி உண்டு. மலாய் மொழியைப் படித்தறியப் பள்ளி இல்லை. மலாய் மக்களே தம் மொழியை இலக்கணத்தோடு கற்பதில்லை, பேச்சில் வருவது போதும் என்று இருந்துவிடுகின்றனர் என்பது அப்துல்லாவின் நெடுநாள் மனக்குறை. நூலெங்கும் அதை அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். இந்தக் குறையைச் சொல்லும் தொனியில் சற்றுச் செருக்கு உண்டு என்பதையும், அதனால் பிற்காலத்து மலாய்த் திறனாய்வாளர் சிலர் அவர்மீது சினம் கொண்டனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கண்ட உண்மை அவருடைய தொனியைவிடப் பெரியது. நாவில் வந்த மொழி வேறு, ஏட்டில் வர வேண்டிய மொழி வேறு என்பதே அந்த உண்மை.

அப்துல்லாவுக்கு மலாய் பேச வராமல் இருந்ததா? இல்லை. அவர் பிறந்து வளர்ந்த தெருவின் மொழி அது. அரபு எழுத்து தெரியாமல் இருந்ததா? அதுவும் இல்லை; குர்ஆனை ஓதி முடித்தவர். மலாய் அந்நாளில் அரபு எழுத்தைத் தழுவிய ஜாவி எழுத்திலேயே எழுதப்பட்டது. பேச்சும் தெரியும், எழுத்தும் தெரியும் என்றால் மலாயை எழுதவும் படிக்கவும் தெரிந்துவிட்டது என்றுதானே நாம் கருதுவோம்? தந்தை அப்துல் காதிர் அவ்வாறு கருதவில்லை.

அவர் கருதாததற்குக் காரணம் உண்டு. நம் ஓதும் பள்ளிகளில் குழந்தை காணும் குர்ஆன் பிரதியில் ஜபர், ஜேர், பேஷ் முதலிய குறிகள் ஒன்றுவிடாமல் இடப்பட்டிருக்கும். பொருள் அறியாத குழந்தையும் ஒலியைப் பிழையின்றிக் கூட்டிவிடலாம். ஜாவி எழுத்திலோ அக்குறிகளை இடும் வழக்கம் பொதுவாக இல்லை. மலாய்க்கே உரிய ச, ங, ப, ஞ போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டி எழுத்துகளை உண்டாக்கிக்கொண்டனர். உயிரொலிகளையோ பல இடங்களில் படிப்பவரின் அறிவுக்கே விட்டனர். ஒரே எழுத்துக் கோவையை இரண்டு மூன்று விதமாக வாசிக்க இடமுண்டு. எந்தச் சொல் அங்கே பொருந்தும் என்பதை வாக்கியத்தின் போக்கும் மொழிப் பயிற்சியுமே காட்ட வேண்டும். அரபுத் தமிழில் எழுதிய பழைய ஏடுகளை நம் வீட்டு முதியவர்கள் படிக்கக் கேட்டிருப்பவர்களுக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். எழுத்தறிவு மட்டும் இருந்தால் போதாது. அந்த மொழியின் சொல்வளம் உள்ளத்தில் இருந்தால்தான் எழுத்து வாய் திறக்கும்.

ஆகவே தந்தையே ஆசிரியரானார். சொற்களைச் சொல்லி எழுதச் செய்தார். எழுதியதைப் பார்த்துப் பிழை கண்டார். மீண்டும் எழுதச் செய்தார். கடிதம் எவ்வாறு தொடங்கும், பத்திரம் எவ்வாறு அமையும், பெரியோர்க்கு எழுதும் சொல் எது, ஒத்தவர்க்கு எழுதும் சொல் எது என்னும் வேறுபாடுகள் தெருவில் கிடைப்பவை அல்ல. அவற்றைக் கற்றுத் தரும் நிலையமும் இல்லாத ஊரில் ஒரு தந்தை தம் வீட்டையே நிலையமாக்கினார். குடியேறிய குடும்பங்களின் வரலாற்றில் நாம் போற்றத்தக்க செயல் இது. ஊர் மொழி தானாக வந்துவிட்டது என்று அவர் இருந்திருந்தால், மலாக்காத் துறைமுகத்தில் மலாய் பேசிய ஆயிரம் பேரில் ஒருவராக அப்துல்லா மறைந்திருப்பார்.

பிரம்பும் கடன் பத்திரமும்

இனி நாம் அப்துல்லாவோடு மாறுபடும் இடத்துக்கு வருகிறோம். ஓதும் பள்ளியில் வழங்கிய தண்டனைக் கருவிகளை அவர் ஒன்றன்பின் ஒன்றாக வருணிக்கிறார். விரல்களை இடுக்கி நெருக்கும் கருவி உண்டு. உள்ளங்காலில் அடிப்பதற்கென ஒரு கட்டை உண்டு. தந்தையின் கண்டிப்பையும் அவ்வாறே அஞ்சி அஞ்சி எழுதுகிறார். ஆனால் முடிவில், இத்தகைய கடுமையினாலேயே தமக்கு அறிவு விளைந்தது என்பது போன்ற ஒரு நன்றியுணர்ச்சி அவருடைய எழுத்தில் படர்ந்துவிடுகிறது. அக்காலத்தவர் பலரும் எழுதியவாறே அவரும் எழுதினார் என்று இதைக் கடந்து போகலாம். எனினும் அவருடைய நூலே அவருடைய கருத்துக்கு எதிராகச் சாட்சி சொல்வதை நாம் கவனிக்க வேண்டும்.

ஒரு நாள் கப்பல் நகுதா ஒருவர் கடன் பத்திரம் எழுதுவித்துக்கொள்ள அப்துல் காதிரைத் தேடி வருகிறார். அவர் வீட்டில் இல்லை. சிறுவன் அப்துல்லாவே அந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுக்கிறான். பின்னர் அதை அறிந்த தந்தை உள்ளம் பூரித்துப் போகிறார். அந்தப் பூரிப்பை மகனின் முகத்துக்கு நேரே கொட்டிவிடாமல், தாயிடம் சொல்லி மகிழ்கிறார். மறைவில் நின்ற மகன் அதைக் கேட்டுவிடுகிறான். தந்தையின் கண்டிப்புக்குள்ளே இருந்த அன்பு அவனுக்கு அன்றுதான் புலனாகிறது.

நூலின் இளமைப் பகுதியில் இதற்கு ஈடான பக்கம் வேறில்லை. அச்சிறுவன் எழுதியது பயிற்சி ஏட்டில் அடுத்த நாள் அழிக்கப்படும் வாக்கியம் அன்று. ஒரு மனிதனின் பணம், மற்றொரு மனிதனின் வாக்கு, இரண்டும் அந்த எழுத்தை நம்பி நின்றன. மொழி அவனுக்கு அன்று பாடமாக இல்லை; பயனாக இருந்தது. பிரம்படி கற்றுத் தந்தது அச்சத்தை. அந்தப் பத்திரம் கற்றுத் தந்தது, 'இந்த மொழியில் எனக்கும் இடம் உண்டு' என்னும் துணிவை. அப்துல்லா பிரம்புக்கு நன்றி சொன்னாலும், அவர் தம்மையறியாமல் மிகுந்த ஒளியோடு எழுதியிருப்பது நகுதாவின் பத்திரத்தைத்தான். நாமோ எழுதியவரின் தீர்ப்பைவிட எழுத்தின் ஒளியையே நம்புகிறோம்.

அவர் பின்னர்க் கற்ற மொழிகளும் இதையே மெய்ப்பிக்கின்றன. கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு ஓதக் கற்றுக் கொடுத்தார். அவர்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றார். 'முன்ஷி' என்னும் பெயரும் அவர்கள் இட்டதே. கிறித்தவப் பாதிரிமார்களுக்கு மலாய் கற்பித்தார்; அவர்களிடமிருந்து ஆங்கிலம் கற்றார். எங்கும் கொடுத்தலும் கொள்ளலுமே மொழியின் வாயிலாக இருந்தன. ஒருவனுடைய மொழியை நாம் கற்கும்போதே நம்மிடமிருந்தும் அவனுக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் கல்வியில் தாழ்வுணர்ச்சி இராது.

நூல் சொல்லாமல் விட்டவை

ஒரு நூலைத் திறனாயும்போது அது சொன்னதை மட்டுமன்றிச் சொல்லாததையும் நோக்க வேண்டும். அப்துல்லா எழுத்து மொழி வந்த வரலாற்றை விரிவாக எழுதினார்; பேச்சு மொழி வந்த வரலாற்றை எழுதவேயில்லை. அவருக்கு முதன்முதலில் மலாய்ச் சொற்களை ஊட்டியவர் யார்? அடுப்படியிலும் முற்றத்திலும் அவரோடு பேசியவர்கள் யாவர்? குழந்தைப் பருவத்தில் அவர் நோயாளியாக இருந்தார் என்றும், பல பெண்கள் அவருக்குப் பாலூட்டினர் என்றும் கூறுபவர், அப்பெண்கள் பாலோடு ஊட்டிய மொழியைப் பற்றி வாய் திறக்கவில்லை. 200 பிள்ளைகளை வைத்துப் பள்ளி நடத்திய பாட்டியார்கூட நூலில் சில வரிகளில் வந்து மறைந்துவிடுகிறார். தண்டனைக் கருவிகளுக்குக் கிடைத்த இடம் அந்த மூதாட்டிக்குக் கிடைக்கவில்லை.

இது அப்துல்லாவின் குறை மட்டுமன்று. கற்றோர் பலரின் குறை. எழுதிப் பெற்ற அறிவையே அறிவென்று எண்ணி, கேட்டுப் பெற்றதைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம். ஆனால் தந்தை கட்டிய மாடிக்கு அடித்தளம் இட்டவர்கள் அப்பெண்களே. பேச்சு முதலில் நிறைந்திராவிட்டால் எழுத்து எதன்மேல் நிற்கும்? ஆகவே அப்துல்லாவின் வரலாற்றை இன்றைய பெற்றோர் படிக்கும்போது, அவர் விட்டுப்போன இந்தப் பக்கத்தைத் தாமே கூட்டிப் படிக்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. தமிழ் கற்றது அவருடைய மலாய்க்கு ஊறு செய்ததா என்னும் வினா. அவருடைய நடையில் பிறமொழிச் சாயல் உண்டென்று குறை கூறிய ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். அதே தமிழறிவினால்தான் 1835இல் அவர் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டு சென்றார். வந்த மொழி தங்கிய மொழிக்குச் செல்வம் சேர்த்த கதை அது. அவருக்குப் பின்னரும் இந்த வழி அறுந்து போகவில்லை. சிங்கப்பூரில் 1876இல் தோன்றிய 'ஜாவி பெரானாக்கான்' என்னும் மலாய்ச் செய்தித்தாளை நடத்தியவர்கள் அம்மண்ணில் பிறந்த இந்திய வழி முஸ்லிம்களே. அதே நகரில் 1887இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் இதழை நடத்தினார். ஊர் மொழியில் முன்னின்றவர்களும் தாய்மொழியில் முன்னின்றவர்களும் ஒரே சமுதாயத்தில், ஒரே தலைமுறையில் இருந்தனர். ஒன்றைக் கொன்றால்தான் மற்றொன்று வாழும் என்பார்க்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டுமோ!

இன்றைய குழந்தைக்கு இந்நூல்

அப்துல்லாவின் காலம் வேறு, நம் காலம் வேறு என்று சிலர் கூறலாம். அன்று ஊர் மொழிக்குப் பள்ளி இல்லை. இன்று ஊர் மொழியிலேயே பள்ளி நடக்கிறது. உண்மைதான். ஆனால் அப்துல் காதிர் கண்ட வேறுபாடு அப்படியே இருக்கிறது. கனடாவில் குடியேறியோர் குழந்தைகளின் கல்வியை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்னும் அறிஞர் 1979இல் இதை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். உரையாடும் மொழி ஒன்று. கல்வி மொழி மற்றொன்று. முன்னது ஏறத்தாழ 2 ஆண்டுகளில் கைவந்துவிடும். பின்னதில் அம்மண்ணின் குழந்தைகளை எட்டிப் பிடிக்க 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். மலாக்காவில் ஒரு தந்தை தம் அனுபவத்தால் உணர்ந்ததைக் கல்வி நூலார் கணக்கிட்டுச் சொன்னார்கள் என்றே நாம் கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாகப் பிரான்சை நோக்குவோம். காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நம்மவர் பலர் அங்கே சென்று வாழ்வது யாவரும் அறிந்தது. அந்நாட்டில் 2019 முதல் 3 வயதிலேயே குழந்தை பள்ளி செல்வது கட்டாயம். 6 வயதில் தொடக்கப்பள்ளி. புதிதாக வந்து பிரெஞ்சு அறியாத மாணவர்க்குத் தனி மொழி வகுப்புகள் உண்டு. ஆனால் அவை தொடக்கப்பள்ளிப் பருவம் முதற்கொண்டே அமைந்தவை. 3 வயதுக் குழந்தை பாட்டிலும் விளையாட்டிலும் மற்றவரோடு கலந்தே மொழியைப் பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் பிடித்துக்கொள்ளவும் செய்கிறது. முதல் சில வாரங்கள், ஏன், சில மாதங்கள்கூட அது வகுப்பில் வாய் திறவாமல் இருக்கலாம். அது கேட்டுச் சேர்க்கும் காலம். அதைக் கண்டு தாய் கலங்க வேண்டியதில்லை. 'பேசு, பேசு' என்று நெருக்கவும் வேண்டியதில்லை. வீட்டில் தமிழிலும் பேச்சு வளராமல் இருந்தால் மட்டுமே அது வேறு செய்தி. அப்போது மருத்துவரை நாடுவதே முறை.

ஆனால் பேச்சு வந்தவுடன் நாம் ஏமாறுகிறோம். 7 வயதுப் பிள்ளை தெருவில் பிரெஞ்சில் பொழிந்து தள்ளுகிறான். 'இவனுக்கு இனி என்ன குறை?' என்று பெருமிதம் கொள்கிறோம். பள்ளியில் மதிப்பெண் குறைந்தால் சோம்பல் என்று திட்டுகிறோம். அங்கே நடப்பது என்ன? நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள் என்னும் மூன்றுக்கும் பிரெஞ்சுப் பேச்சில் வினைச்சொல் 'பார்ல்' என்று ஒரே ஒலிதான். எழுதும்போதோ மூன்றுக்கும் மூன்று முடிவு. 'அவன் போனான்' என்பதைத் தெருவில் 'இல் எத் அலே' என்று கேட்ட குழந்தை, கதைப் புத்தகத்தைத் திறந்தால் 'இல் அலா' என்று காண்கிறது. கதைகளில் மட்டுமே வாழும் அந்த இறந்தகால வடிவத்தை எவரும் தெருவில் பேசுவதில்லை. வீட்டில் இரவுதோறும் கதை படிக்கக் கேட்டு வளர்ந்த பிரெஞ்சுக் குழந்தைக்கு அது பழகிய ஓசை. நம் குழந்தைக்கு அது மற்றோர் அந்நிய மொழி. இதைச் சோம்பல் என்பது எத்துணை பெரிய அநீதி!

தமிழராகிய நமக்கு இது விளங்காமல் போவதுதான் வியப்பு. 'வந்துட்டான்' என்று பேசி 'வந்துவிட்டான்' என்று எழுதும் மக்கள் நாம். பேச்சுத் தமிழ் மட்டும் அறிந்த பிள்ளை ஒரு நல்ல தமிழ் நூலைக் கண்டு திகைப்பதை நம் வீட்டிலேயே காண்கிறோம். தமிழில் நாம் ஒப்புக்கொள்ளும் உண்மையைப் பிற மொழியில் மறந்துவிடுகிறோம்.

அவ்வாறாயின் பெற்றோர் செய்யத்தக்கது யாது? அப்துல் காதிருக்கு மலாய் எழுத்து கைவந்திருந்தது. மகனுக்குத் தாமே கற்பித்தார். இன்று குடியேறிய தாய்மார் பலருக்கு அந்நாட்டு மொழி தெரியாது. 'எனக்கே தெரியாததை எப்படிக் கற்பிப்பேன்?' என்று அவர்கள் கேட்பது நியாயம். கற்பிக்க வேண்டாம், இடம் அமைத்துக் கொடுத்தால் போதும். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நகராட்சி நூலகங்கள் சிறுவர்க்குக் கட்டணமின்றி நூல் வழங்குகின்றன. வாரம் ஒரு முறை குழந்தையை அங்கே அழைத்துச் செல்வதற்குப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை. எடுத்து வந்த படக்கதையை உம்மா படங்களைப் பார்த்துத் தமிழில் சொல்லட்டும்; பிள்ளை அதைப் பிரெஞ்சில் படித்துக் காட்டட்டும். கதை முன்பே தமிழில் விளங்கிவிட்டமையால் அந்நியச் சொற்கள் எளிதில் பொருந்தி நிற்கும். பள்ளியிலிருந்து பெற்றோர்க்கு வரும் குறிப்பேட்டை நாள்தோறும் பிள்ளையோடு அமர்ந்து பார்க்கலாம். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக் குழந்தையை விளையாட அழைத்து இரண்டு இடியாப்பம் கொடுத்தனுப்பலாம். கொடுத்தலும் கொள்ளலும் அங்கே தொடங்கிவிடும்.

செய்யத்தகாதவை இரண்டு. பிள்ளையின் பிரெஞ்சு வளரட்டும் என்று எண்ணி, தாம் அரைகுறையாக அறிந்த அம்மொழியிலேயே வீட்டில் பேசும் பெற்றோர் இருக்கிறார்கள். நல்லெண்ணம்தான், விளைவு தீது. நிறைவான தமிழைக் கொடுக்கக்கூடிய தாய், தேய்ந்த பிரெஞ்சைக் கொடுக்கிறாள். காரணம் கூறவும், கதை பின்னவும், ஐயம் எழுப்பவும், நகையாடவும் குழந்தை முதலில் கற்பது தாய் எந்த மொழியில் முழுமையாகப் பேசுகிறாளோ அந்த மொழியில்தான். அங்கே கற்ற திறம் அடுத்த மொழிக்கும் உடன் செல்லும். அதை அடைத்துவிட்டால் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. அதனினும் கொடியது மற்றொன்று. பிள்ளை 12 வயதை எட்டி, உள்ளத்தில் ஓடுவதைச் சொல்ல விரும்பும் நாளில், அவன் மொழி தாய்க்கு எட்டாது, தாய் மொழி அவனுக்கு எட்டாது. ஒரே கூரையின்கீழ் இருவர் ஊமையராய் வாழ்வதைக் காட்டிலும் பெரிய இழப்பு எது?

மற்றொன்று, மொழி தெரிந்துவிட்டதென்று பிள்ளையை எல்லா இடத்துக்கும் மொழிபெயர்ப்பாளனாக இழுத்துச் செல்வது. கடையில் விலை கேட்கச் சொல்லலாம். அஞ்சலகத்தில் தபால்தலை வாங்கச் சொல்லலாம். அது நகுதாவின் பத்திரம் போன்றது. வயதுக்கேற்ற பயன், துணிவைத் தரும். ஆனால் தாயின் நோயை மருத்துவரிடம் சொல்லவும், குடும்பத்தின் வறுமையை அலுவலகத்தில் விளக்கவும் 8 வயதுக் குழந்தையை நிறுத்துவது முறையன்று. மொழி அவனுக்குச் சிறகாக வேண்டுமேயன்றித் தலைச்சுமையாகலாகாது.

முன்ஷி அப்துல்லா 1854இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பயணத்தில் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற நூலில் செருக்கு உண்டு. பிரம்புக்கு அளவுக்கு மீறிய மரியாதை உண்டு. பெண்களின் பங்கைப் பற்றிய மௌனம் உண்டு. இவற்றையெல்லாம் கழித்த பின்னும் எஞ்சுவது பெரிது. குடியேறிய ஒரு குடும்பம், தான் தங்கிய மண்ணின் மொழியை வயிற்றுப்பாட்டுக்கான ஒட்டுப் பேச்சாகக் கொள்ளாமல், கற்றுத் தேர வேண்டிய கல்வியாக மதித்தது; அதற்காகத் தன் பழைய மொழியைத் துறக்கவும் இல்லை. அந்த மதிப்பே அம்மொழியின் இலக்கியத்துக்கு ஒரு முன்னோடியைத் தந்தது. நம் பிள்ளைகள் எல்லாரும் முன்ஷிகளாக வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் வாழும் நாட்டின் நூலைத் தயங்காமல் திறக்கவும், திறந்ததைத் தம் உம்மாவுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லவும் வல்லவர்களாக வேண்டும். அது தானாக வருவதன்று. நாம் இடம் அமைத்துக் கொடுக்க வருவது.